நிற்பதா, நடப்பதா: நாயைச் சீக்கிரம் வெளிக்குப் போகப் பழக்கும் வழிகள்

சிங்கப்பூரின் யீஷூன் வட்டாரத்தில் பதினோராம் மாடியில் இருக்கிறோம். காலை 6 மணிக்கு எங்கள் நாய் மிளகைக் கூட்டிக்கொண்டு மின்தூக்கியில் இறங்கினால் 6.25க்குள் மேலே திரும்பியாக வேண்டும். பிள்ளைகளின் பள்ளிப் பேருந்து அதற்கு மேல் காத்திருக்காது. மிளகு, அடோர் என்ற நாய் தத்தெடுப்புத் திட்டத்தின் கீழ் நாங்கள் தத்தெடுத்த கறுப்பு நாட்டு நாய். 2012இல் சோதனை முயற்சியாகத் தொடங்கிய அந்தத் திட்டத்தால்தான் இப்படிப்பட்ட கலப்பின நாய்களுக்கு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளின் கதவு திறந்தது. அவன் வந்த முதல் இரண்டு மாதங்கள் அந்த இருபத்தைந்து நிமிடமும் மோப்பத்திலேயே கரைந்துபோகும். ஒரு தூண் விடமாட்டான், ஒரு புதர் விடமாட்டான். நேரமாகிவிட்டதே என்று இழுத்துக்கொண்டு மேலே வந்தால் வீட்டு வாசலில் சிறுநீர் போய்விடுவான்.

ஒருநாள் மின்தூக்கிக்குள்ளேயே போய்விட்டான். நான் துணியோடு மண்டியிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஏழாம் மாடியில் கதவு திறந்தது. அங்கே நின்ற மலாய்க்கார அம்மா உள்ளே வரத் தயங்கி, அடுத்த மின்தூக்கிக்குக் காத்திருக்கப் போனார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவருடைய தயக்கம் என் மனத்தை விட்டுப் போகவே இல்லை. நாய் வளர்ப்பது எங்கள் விருப்பம். அதன் ஈரத்தை அவர் ஏன் மிதிக்க வேண்டும்? அன்றிரவுதான் நானும் கணவரும் உட்கார்ந்து, இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசினோம். பிறகு ஏறக்குறைய எல்லாவற்றையும் செய்தும் பார்த்தோம்.

வழிகளை எடைபோடுவதற்கு முன், நாய் ஏன் தாமதிக்கிறது என்பதை அதன் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். நாள் முழுக்க நாலு சுவருக்குள் இருக்கும் நாய்க்கு வெளியே கிடைக்கும் அரை மணி நேரம்தான் உலகம். நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? மிளகு காலைத் தூக்கி முடித்த மறுகணமே, "அப்பாடா" என்று சொல்லி வீட்டுப் பக்கம் திரும்பிவிடுவேன். முடித்தால் உலா முடிந்துவிடும் என்ற பாடத்தை நானே அவனுக்குத் தினமும் கற்றுக் கொடுத்திருக்கிறேன். அவன் அதைச் சரியாகப் புரிந்துகொண்டு அடக்கி வைத்தான். எத்தனை நேரம் அடக்குகிறானோ அத்தனை நேரம் வெளியே இருக்கலாம் அல்லவா? இதைப் பிடிவாதம் என்று சொல்பவர்களிடம் எனக்கு உடன்பாடில்லை.

ஆகவே முதல் ஒப்பீடு, நின்று முடிக்க வைப்பதற்கும் நடந்துகொண்டே முடிக்க விடுவதற்கும் இடையில்தான். எங்கள் வீட்டில் பெரிய விவாதமும் இதில்தான் நடந்தது.

நான் நிற்கும் கட்சி. கீழே இறங்கியதும் நேராக ஒரே புல்திட்டுக்குப் போவது. கயிற்றைக் குட்டையாகப் பிடித்துக்கொண்டு, பேசாமல், கைப்பேசியைப் பார்க்காமல் நிற்பது. நாய் சுற்றி வரலாம், முகரலாம். ஆனால் அந்தத் திட்டைத் தாண்டக்கூடாது. முடித்துவிட்டால் உடனே பாராட்டு, அதன் பிறகுதான் உலா தொடங்கும். இதில் உலாவே கூலி ஆகிவிடுகிறது. முன்பு முடித்தால் எல்லாம் பறிபோனது. இப்போது முடித்தால்தான் எல்லாம் கிடைக்கிறது. பத்து நிமிடத்தில் ஒன்றும் நடக்காவிட்டால் உலா இல்லாமலே உள்ளே போய், கால் மணி நேரம் கண்ணிலேயே வைத்திருந்து மீண்டும் வர வேண்டும் என்பது பயிற்சியாளர்கள் வழக்கமாகச் சொல்வது. தரைவீட்டில் இருப்பவர்களுக்கு அது சுலபம். பதினோராம் மாடியில் இருப்பவர்களுக்கு மின்தூக்கிப் பயணமே ஒரு தடை. அதிலும் நிறைந்த சிறுநீர்ப்பையோடு நாயை அந்தப் பெட்டிக்குள் ஏற்றுவதைப் போல ஆபத்தான காரியம் வேறில்லை. அதனால் நாங்கள் மேலே போகவில்லை. கீழ்த்தளத்து கல் மேசைப் பக்கம் போய் ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்துவிட்டு அதே புல்லுக்குத் திரும்பினோம். உயரமான வீடுகளில் இருப்பவர்கள் இப்படியே செய்யலாம் என்பது என் கருத்து.

கணவர் நடக்கும் கட்சி. "நடந்தால் குடல் அசையும், தானாக வந்துவிடும்" என்பார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. உடல் அசைவு குடலைத் தூண்டும் என்பது மனிதருக்கும் நாய்க்கும் பொருந்தும். சிறுநீர் நின்ற இடத்தில் வந்துவிடும். மலத்துக்குச் சில நாய்களுக்குக் கொஞ்சம் நடை வேண்டியிருக்கிறது. மிளகும் அப்படித்தான். நிற்கும் முறையில் ஐந்தாவது நாளே முதல் இரண்டு நிமிடத்துக்குள் சிறுநீர் கழிக்கத் தொடங்கிவிட்டான். மற்றது மட்டும் வரவில்லை. கடைசியில் இருவரும் சம்மதித்த முறை இது: நடக்கலாம், ஆனால் அதே பத்து மீட்டர் நீளத்துக்குள் முன்னும் பின்னும் நடக்கலாம். பழகிய வாசனை, புதிய காட்சி எதுவும் இல்லை, கால்களுக்கு அசைவும் உண்டு. இரண்டாவது வாரத்தில் மலமும் எட்டு நிமிடத்துக்குள் வந்தது.

நடக்க விடும் முறைக்கு வேறோர் இழப்பும் இருக்கிறது. ஆண் நாய் நடந்துகொண்டே போனால் ஓரிடத்தில் ஒழுங்காகக் கழிக்காமல், வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அடையாளம் வைத்துக்கொண்டே போகும். கருத்தடை செய்த நாய்களிலும் இந்தப் பழக்கம் முழுதாகப் போவதில்லை. நமக்கு ஐந்து முறை போய்விட்டது போலத் தோன்றும். சிறுநீர்ப்பை அப்படியே இருக்கும். முதலில் நீளமாக ஒரு முறை போனதா என்று பாருங்கள், எண்ணிக்கையைப் பார்க்க வேண்டாம். எங்கள் புளோக்கைச் சுத்தம் செய்பவர் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஓர் இளைஞர். ஒரு விடியற்காலையில் தயங்கித் தயங்கி என்னிடம் சொன்னார்: "அக்கா, தூணில் மட்டும் வேண்டாம். தூணில் அடித்தால் வாடை போகாது. புல்லில் என்றால் மழை பார்த்துக்கொள்ளும்." அன்றிலிருந்து எங்கள் இடம் புல்திட்டு மட்டுமே, விளையாட்டுத் திடலுக்கு எதிர்ப்புறம், நடைபாதையிலிருந்து ஐந்தாறு அடி உள்ளே. தப்பித் தவறித் தூணில் பட்டால் ஊற்ற ஒரு தண்ணீர்ப் புட்டியும் எடுத்துப் போகிறேன். மலத்தை அள்ளுவது சட்டப்படியே கட்டாயம் என்பது இங்கு எல்லாருக்கும் தெரியும். சிறுநீரையும் அதே அக்கறையோடு பார்க்க வேண்டும் என்பதை எனக்கு அந்தத் தம்பிதான் புரிய வைத்தார்.

மணி அடித்தது போல வேலைக்குப் போகும் வீட்டுக்கு நிற்கும் முறை. நேரம் தாராளமாக இருக்கும் ஓய்வுபெற்றவர்களுக்கு நடக்கும் முறையில் ஒரு குறையும் இல்லை. நடப்பதே அவர்களுக்கு மகிழ்ச்சி. ஆனால் இரண்டையும் நாளுக்கு ஒன்றாக மாற்றி மாற்றிச் செய்தால் நாய் ஒன்றையும் கற்றுக்கொள்ளாது. எது தேர்ந்தாலும் மூன்று வாரம் மாற்றாதீர்கள்.

நிற்கும் முறை சில வீடுகளில் படுதோல்வி அடைகிறது. பத்து நாள் நின்றும் நாய் அசையவில்லை என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: வீட்டுக்குள் அசுத்தம் செய்தபோது திட்டினீர்களா? அதன் மூக்கை அங்கே கொண்டுபோய்த் தேய்த்தீர்களா? திட்டு வாங்கும் நாய் "வீட்டுக்குள் போகக்கூடாது" என்று கற்றுக்கொள்வதில்லை. "இந்த மனிதர் பார்க்கும்போது போகக்கூடாது" என்றுதான் கற்றுக்கொள்கிறது. அப்புறம் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்து போகும். வெளியே கயிற்றின் மறுமுனையில் நாம் நிற்கும்போது அடக்கிக்கொண்டு நம் முகத்தையே பார்க்கும். மின்தூக்கி சம்பவத்தன்று நான் மிளகைக் கடுமையாக அதட்டினேன். அதன் பிறகு ஒரு வாரம் என் கணவரோடு போனால் கழிப்பான், என்னோடு வந்தால் கழிக்கமாட்டான். அது முழுக்க என் தவறு, அவனுக்கு அதில் பங்கில்லை.

இப்படிப்பட்ட நாய்க்குக் குட்டைக் கயிறு ஆகாது. இரண்டு மூன்று மீட்டர் நீளக் கயிறு வாங்கி, அதே திட்டில், பக்கவாட்டில் திரும்பி நின்று, அதைப் பார்க்காமல் இருக்க வேண்டும். முடித்த பிறகும் சத்தமாகக் கொண்டாடாமல் மெல்லிய குரலில் ஒரு "நல்ல பிள்ளை" போதும். நம்பிக்கை திரும்ப நாளாகும். அவசரப்பட்டால் பழைய இடத்துக்கே போய்விடும்.

தின்பண்டம் கொடுத்துப் பழக்குவதா என்பது அடுத்த கேள்வி. இதை நிற்கும் முறைக்கு மாற்றாகப் பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது துணைதான். துணையாக இருக்கும்போது நன்றாக வேலை செய்கிறது. தேக்கா சந்தையில் கோழி ஈரல் வாங்கி, உப்பில்லாமல் அவித்து, பட்டாணி அளவில் நறுக்கி வைத்திருக்கிறேன். கொடுக்கும் நேரம்தான் முக்கியம். நாய் முடித்த அந்த ஓரிரு விநாடிக்குள், அதே இடத்தில் கொடுக்க வேண்டும். வீட்டுக்கு வந்து சமையலறையில் கொடுத்தால், வீட்டுக்கு வந்ததற்குப் பரிசு என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். இன்னொன்று, பாதியில் கொடுக்கக்கூடாது. வாசனை வந்ததும் சில நாய்கள் பாதியிலேயே நிறுத்திவிட்டு ஓடிவரும், மீதி வீட்டுக்கு வரும்.

சொல்லுக்குப் பழக்குவது எனக்கு மிகவும் பிடித்த வழி. இது மெதுவான வழிதான், ஆனால் ஒருமுறை பதிந்துவிட்டால் வாழ்நாள் முழுக்க உதவும். பிரிட்டனில் வழிகாட்டி நாய்களை "பிஸி பிஸி" என்ற சொல்லுக்குப் பழக்குகிறார்கள். பார்வையற்ற ஒருவரோடு பகல் முழுக்க வேலை செய்யும் நாய் எங்கே, எப்போது கழிக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? முறை எளிது. முதலில் கட்டளையாகச் சொல்லக்கூடாது. நாய் தானாகக் கழிக்கத் தொடங்கும்போது அந்தச் சொல்லை மென்மையாகச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சில வாரங்களுக்குப் பிறகு, இடத்துக்குப் போய் நின்றதும் சொன்னால், உடம்பே அதற்குப் பதில் சொல்லத் தொடங்கும்.

எங்கள் வீட்டில் முதலில் இது ஏன் பலிக்கவில்லை என்றால், நான் "சீக்கிரம்" என்று சொல்வேன், கணவர் "உச்சா" என்பார், என் மாமியார் "போடா கண்ணா" என்பார். "சீக்கிரம்" பிள்ளைகளைப் பார்த்து நான் தினமும் முப்பது முறை சொல்லும் சொல். மிளகுக்கு அது வெறும் காற்று. "உச்சா" வீட்டில் சின்னவளுக்கும் சொல்லும் சொல். கடைசியில் யாரும் வேறெதற்கும் பயன்படுத்தாத "சொட்டு சொட்டு" என்று வைத்தோம். இல்லப் பணிப்பெண் இருக்கும் வீடுகளில் அவரால் சுலபமாக உச்சரிக்கக்கூடிய சொல்லாகவும் இருக்கட்டும். பல வீடுகளில் காலையில் நாயோடு இறங்குவது அவர்தான். வீட்டுக்காரர் பழக்கிய முறை அவருக்குச் சொல்லப்படாததாலேயே நாய் குழம்பிப் போவதை எங்கள் புளோக்கிலேயே பார்க்கிறேன்.

சிங்கப்பூரில் எல்லாவற்றையும்விடச் சிக்கலானது, வீட்டுக்குள் சிறுநீர் உறிஞ்சும் விரிப்பிலோ கழிப்புத் தட்டிலோ போகப் பழகிய நாயின் நிலைமை. முக்கால் மணி நேரம் வெளியே நடக்கும். ஒரு சொட்டுப் போகாது. வீட்டுக்குள் நுழைந்ததும் ஓடிப்போய் விரிப்பில் போய்விடும். நாயிடம் தவறே இல்லை. குட்டிப் பருவத்தில் எந்தத் தளத்தில் கழித்துப் பழகியதோ அந்தத் தளத்தைத்தான் அதன் பாதம் தேடும். தடுப்பூசிகள் முடியும்வரை குட்டியை மற்ற நாய்கள் புழங்கும் தரையில் விடக்கூடாது என்று மருத்துவர் சொல்வதால், அடுக்குமாடியில் வளரும் குட்டிகளுக்கு விரிப்பு தவிர்க்க முடியாதது. இங்கே முடிவெடுக்க வேண்டியது: விரிப்பை விட்டுவிடுவதா, வைத்திருப்பதா?

விட வேண்டும் என்றால் ஒரே நாளில் எடுத்துவிடாதீர்கள். சிறுநீர் பட்ட விரிப்பையே வெளியே கொண்டுபோய்ப் புல்லின் மீது விரித்து, அதன் மேல் நிற்க வையுங்கள். அது அங்கே கழிக்கத் தொடங்கிய பிறகு விரிப்பை நாளுக்கு நாள் பாதி, கால் என்று கத்தரித்துக்கொண்டே வாருங்கள். ஒரு கட்டத்தில் கைக்குட்டை அளவுத் துண்டு போதும்; பிறகு அதுவும் வேண்டியிருக்காது. முடித்ததும் துண்டை எடுத்துவிடுங்கள், புல்லில் விட்டுவிட்டு வராதீர்கள். வீட்டில் பழைய இடத்தைச் சுத்தம் செய்யும்போது அமோனியா கலந்த திரவம் வேண்டாம். அதன் வாடை சிறுநீரை ஒத்திருப்பதால் நாயைத் திரும்ப அழைக்கும். நொதி கலந்த திரவங்கள் விலங்குப் பொருள் கடைகளில் கிடைக்கின்றன.

ஆனால் முழுக்க விட்டுவிடுவது புத்திசாலித்தனமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகை வடக்கில் இருக்கும் ஊர் இது. ஒருபக்கம் அது நமக்கு வரம். ஆண்டு முழுவதும் சூரியன் ஏறக்குறைய 7 மணிக்கு உதித்து 7 மணிக்கு மறைகிறது. குளிர்காலம், நீண்ட இரவு என்று எதுவும் இல்லாததால் நாயின் நேரத்தை ஒருமுறை பழக்கிவிட்டால் மாற்றவே வேண்டியதில்லை. மறுபக்கம் மழை. சுமத்ரா பக்கமிருந்து விடிவதற்கு முன்பே திரண்டு வரும் காற்றும் மழையும் சரியாக நாம் கீழே இறங்கும் நேரத்தில் வந்து அடிக்கும். நவம்பர், டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை நாள்கணக்கில் விடாது. இடிக்குப் பயந்த நாய் புல்லில் காலே வைக்காது. வயதான நாய், மூட்டு வலியுள்ள நாய், காய்ச்சலில் படுத்துவிட்ட எஜமானர் என்று எத்தனையோ நிலைமைகள் வரும். வெளியே போகப் பழக்குங்கள்; ஒரு தட்டையும் அல்லது கழுவிவிடக்கூடிய குளியலறைத் தரையையும் மாற்று வழியாக அதற்குத் தெரிந்ததாக வைத்திருங்கள். இரண்டிடத்திலும் ஒரே சொல்லைப் பயன்படுத்தினால் நாய் குழம்பாது. "வெளியே மட்டுமே" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்பவர்களின் நாய்கள் மழை நாளில் பன்னிரண்டு மணி நேரம் அடக்கிக்கொண்டு கிடப்பதை நினைத்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

உணவு நேரத்தை ஒழுங்கு செய்வது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஏனென்றால் அது எல்லா வழிக்கும் அடிப்படை. வயிற்றுக்குள் உணவு போனதும் குடல் இயங்கத் தொடங்கும். பல நாய்களுக்கு அரை மணி நேரத்துக்குள் அது தெரியும். கிண்ணத்தில் நாள் முழுக்க உணவு கிடந்தால் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. மிளகுக்குக் காலை 5.30க்கு ஒரு கை உணவு, மாலை 7 மணிக்கு மீதி. சாம்பார் சோறு, வெங்காயம் கலந்த எந்த மிச்சமும் கிடையாது. வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள். சீக்கிரம் போகவில்லை என்பதற்காகத் தண்ணீரை மறைத்து வைக்கும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். இந்த வெயிலில் அது கொடுமை.

பணம் கொடுத்து நாயை நடத்திச் செல்ல ஆள் வைப்பது, நாள் முழுக்க யாரும் இல்லாத வீடுகளுக்குத் தேவையானது. பழக்கும் முதல் மூன்று வாரம் மட்டும் வீட்டு ஆளே செய்யுங்கள், பிறகு அவரிடம் அதே இடத்தையும் அதே சொல்லையும் ஒப்படையுங்கள்.

முடிக்கும் முன் நாய் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்துப் பொறுமை இழப்பவர்களுக்கு ஒரு செய்தி. செக் குடியரசையும் ஜெர்மனியையும் சேர்ந்த ஆய்வாளர்கள் 37 இனங்களைச் சேர்ந்த 70 நாய்களைக் கவனித்து 2013இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பூமியின் காந்தப்புலம் அமைதியாக இருக்கும் நேரங்களில் நாய்கள் உடலை வடக்கு தெற்காக வைத்துக் கழிப்பதை விரும்புகின்றன என்று அதில் கண்டார்கள். அதைப் படித்த பிறகு மிளகு மூன்று முறை சுற்றும்போது நான் கயிற்றைச் சுண்டுவதில்லை. அவனுக்கு அவனுடைய திசை இருக்கிறது.

இந்த எல்லா வழிகளும் உடல் நலமாக இருக்கும் நாய்க்குத்தான். நேற்று வரை ஒழுங்காகப் போன நாய் திடீரென்று அடிக்கடி குந்துகிறது, சொட்டுச் சொட்டாகப் போகிறது, இரத்தம் தெரிகிறது, வழக்கத்துக்கு மீறித் தண்ணீர் குடிக்கிறது என்றால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். முயன்றும் சிறுநீரே வராமல் நிற்கும் நாய்க்கு, முக்கியமாக ஆண் நாய்க்கு, அடைப்பு இருக்கலாம். அது அன்றைக்கே பார்க்க வேண்டிய அவசரம்.

எங்கள் வீட்டு ஏற்பாடு இப்போது இப்படி இருக்கிறது. 6 மணிக்கு இறங்குகிறோம். புல்திட்டு, பத்து மீட்டர், "சொட்டு சொட்டு". பெரும்பாலும் 6.10க்குள் இரண்டும் முடிந்துவிடும். மீதிப் பதினைந்து நிமிடம் அவனுடையது. எந்தத் தூணை எத்தனை நேரம் முகர வேண்டுமோ முகரட்டும், முகர்வதோடு சரி. மாலையில் கணவர் யீஷூன் குளம் வரை நீண்ட உலாவுக்குக் கூட்டிப் போகிறார். அப்போதும் முதலில் அதே திட்டு. ஏழாம் மாடி அம்மா இப்போது எங்களோடு ஒரே மின்தூக்கியில் வருகிறார். மிளகைப் பின்மூலையில் உட்கார வைத்து, கயிற்றைக் குட்டையாகப் பிடித்து, அவருக்கு வாசல் பக்கத்தை விட்டுவிடுகிறேன்.